மடியில் ஒரு கல்

ஜப்பானியர் உடுத்தும் கிமோனோவுக்குச் சட்டைப்பை கிடையாது. மார்பின் குறுக்கே ஒன்றின்மேல் ஒன்றாகத் துணி மடிந்து வருகிறதல்லவா, அந்த மடிப்புக்குள்தான் காகிதம், விசிறி, பணப்பை எல்லாவற்றையும் செருகிக்கொள்வார்கள். நம் ஊரில் மடி என்கிறோமே, ஏறக்குறைய அந்த ஸ்தானம். அந்த மடியைக் குறிக்கும் எழுத்துக்கு 'கை' என்று ஓர் உச்சரிப்பு உண்டு. 'செகி' என்றால் கல். இரண்டும் சேர்ந்தால் கைசெகி, அதாவது மடிக்கல்.

இந்த விசித்திரமான பெயரை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஜப்பானில் மிகவும் விலை உயர்ந்த சாப்பாட்டு வகைகளில் ஒன்றுக்கு! டோக்கியோவிலும் கியோட்டோவிலும் பெயர்பெற்ற கைசெகி விடுதிகளில் இரவுச் சாப்பாட்டுக்கு ஓர் ஆளுக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் யென் என்பது சாதாரணம். அப்படிப்பட்ட ராஜ போஜனத்துக்குக் கல் என்று பெயரா என்று கேட்டால், உடனே ஒரு கதை சொல்வார்கள்.

புத்த பிக்ஷுக்கள் நண்பகலுக்குப் பிறகு ஆகாரம் கொள்ளக் கூடாது என்பது விதி. நம் தேசத்திலே, கங்கைக் கரையிலே ஏற்பட்ட விதி அது. அந்த ஊர் வெயிலுக்கு அது ஒத்துப்போயிருக்கும். ஆனால் ஜப்பானில், பனி கொட்டும் மலைமேல் இருக்கும் ஸென் மடத்தில், இருள் பிரியுமுன் எழுந்து தியானம் செய்து, விறகு பிளந்து, முற்றம் பெருக்கி, இரவில் வெறும் வயிற்றோடு படுப்பதென்றால்? பாவம், அந்தத் துறவிகள் ஒரு கல்லைச் சுட வைத்துத் துணியில் சுற்றி, மடிக்குள் வயிற்றை ஒட்டி வைத்துக்கொள்வார்களாம். சூடு பட்டால் பசி சற்றே அடங்கும். அந்தக் கல்லைப் போலப் பசியைத் தணிக்கும் அளவுக்கு மட்டும் உள்ள சாப்பாடு என்பதனால் கைசெகி என்ற பெயர் வந்ததாம். ஸென் மடங்களில் இன்றைக்கும் இரவு ஆகாரத்தைச் சாப்பாடு என்று சொல்வதில்லை. 'யாகுசெகி', மருந்துக் கல், என்றே சொல்கிறார்கள். விதியையும் மீறக் கூடாது, வயிற்றையும் வாட்டக் கூடாது. சாப்பாட்டுக்கு மருந்து என்று பெயர் வைத்துவிட்டால் விஷயம் தீர்ந்தது! மனித சுபாவம் எந்தத் தேசத்திலும் ஒன்றுதான்.

கதை அழகாக இருக்கிறது. ஆனால் பட்டினி கிடந்தவனுடைய கல் பணக்காரனுடைய விருந்துக்குப் பெயராக வந்து சேர்ந்தது எப்படி? அந்தப் பெயரை வைத்தவர்கள் யார், எப்போது வைத்தார்கள்? இதைத் தேடிக்கொண்டு போனால் வழியில் ஒரு சர்வாதிகாரி வருகிறான். ஒரு மீன் வியாபாரி மகன் வருகிறான். ஒரு கொலைக்குச் சமமான மரணமும் வருகிறது. சாப்பாட்டைப் பற்றிய சரித்திரத்தில் இவ்வளவு இருக்குமா என்றால், இருக்கிறது.

முதலில் தேநீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைசெகி பிறந்ததே தேநீர் வீட்டில்தான். தியானம் என்ற நம் சொல்தான் சீனத்தில் 'சான்' ஆகி, ஜப்பானில் 'ஸென்' ஆயிற்று. அதைச் சீனத்துக்குக் கொண்டுபோன போதிதர்மரைத் தென்னிந்திய அரசகுமாரர் என்று சீன மரபு சொல்கிறது. காஞ்சிபுரத்துக்காரர் என்று நாம் உரிமை கொண்டாடுகிறோம். தியானத்தின் நடுவே தூக்கம் வந்துவிட்டதே என்ற கோபத்தில் அவர் தம் கண்ணிமைகளை அறுத்து எறிந்தார், அவை விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்தது என்று ஜப்பானில் ஒரு கதை உண்டு. கதை கிடக்கட்டும். 1191-ஆம் வருஷம் எய்சாய் என்ற துறவி சீனத்திலிருந்து ஸென் தத்துவத்தோடு தேயிலை விதையும் கொண்டுவந்தார் என்பது சரித்திரம். அதற்கு முன்பும் தேயிலை ஜப்பானை எட்டிப் பார்த்ததுண்டு. நிலைத்து வேரூன்றியது இவருக்குப் பிறகுதான். 1214-ல், முந்தின இரவு குடித்த மதுவினால் தலைநோவு கொண்டு கிடந்த ஷோகன் ஸனேதோமோவுக்கு எய்சாய் ஒரு கிண்ணம் தேநீரும், தேயிலையின் மகிமையைப் பற்றித் தாம் எழுதிய நூலும் அனுப்பிவைத்தார். தேநீர் ஷோகனுடைய மாளிகைக்குள் மருந்தாகத்தான் நுழைந்தது.

எய்சாய்க்கு அடுத்த தலைமுறையில் டோகென் என்ற துறவி, 1223-ல், இளைஞராகச் சீனத்துக்குக் கப்பலேறினார். கப்பல் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தபோது, வெகுதூரத்து மடம் ஒன்றிலிருந்து கிழச் சமையற்காரத் துறவி ஒருவர் காளான் வாங்க நடந்து வந்தார். இரவு தங்கிப் போகலாமே என்றார் டோகென். மறுநாள் சமையல் கெட்டுப்போகும் என்று அவர் மறுத்துவிட்டார். இந்த வயதில் அடுப்படி வேலையைக் கட்டிக்கொண்டு அழாமல் தியானம் செய்யலாகாதா என்று இளைஞர் கேட்க, கிழவர் உரக்கச் சிரித்து, தம்பிக்கு இன்னும் விஷயம் விளங்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்னொரு மடத்தில் இன்னொரு கிழவர், வயது அறுபத்தெட்டு. தலையில் தொப்பிகூட இல்லாமல் உச்சி வெயிலில் உணவுப் பண்டத்தை உலர்த்திக்கொண்டிருந்தார். வேலையாட்களிடம் விடக் கூடாதா என்று டோகென் கேட்டார். அவர்கள் செய்தால் அது நான் செய்ததாகாதே என்ற கருத்தில் பதில் வந்தது. இந்த இரண்டு கிழவர்களையும் டோகென் மறக்கவில்லை. 1237-ல் மடத்துச் சமையற்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார். சோற்றில் கல் பொறுக்குவது தியானத்துக்குக் குறைந்ததல்ல என்ற எண்ணம் ஜப்பானில் அப்படி வேர்விட்டது.

மடத்துக்கு வெளியே விஷயம் வேறு. பிரபுக்களின் விருந்தில் பெருமையே தட்டுகளின் எண்ணிக்கையில் இருந்தது. 'ஹோன்ஸென்' என்ற அந்த விருந்தில் காலுள்ள தட்டுகள் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒருவர் முன்னால் அணிவகுக்கும். பாதிப் பண்டம் கண்ணால் பார்ப்பதற்கு. மீதிப் பாதி வாய்க்கு வருவதற்குள் ஆறி அவலாய்ப் போயிருக்கும். 1582-ல் நாட்டின் பெரும் பகுதியை அடக்கியாண்ட ஓடா நொபுநாகா, தம் கூட்டாளியான இயேயாசுவுக்கு அஸுச்சிக் கோட்டையில் இப்படி ஒரு விருந்து வைத்தார். என்னென்ன பரிமாறினார்கள் என்ற பட்டியல்கூட இன்று இருக்கிறது. விருந்துக்கு மேற்பார்வை அகெச்சி மிட்சுஹிதே என்ற தளபதி. மூன்று வாரம் ஆவதற்குள் அதே தளபதி எஜமானர்மேல் படையெடுத்து அவரை மாய்த்தான்! பிறகு அவனை யமஸாகியில் முறியடித்து நாட்டைத் தன் கைக்குள் கொண்டுவந்தவன் டொயொடொமி ஹிதேயோஷி. குடியானவர் வீட்டில் பிறந்து சர்வாதிகாரியாக உயர்ந்தவன்.

ஹிதேயோஷியின் தேநீர் ஆசான்தான் ஸென் நோ ரிக்யூ. 1522-ல் ஸகாய்த் துறைமுகத்தில் பிறந்தவர். சரக்குக் கிடங்கும் மீன் மொத்த வியாபாரமும் குடும்பத் தொழில். தேநீர் அருந்துவதை ஒரு தவமாக ஆக்கியவர் என்று இவரைச் சொல்லலாம். போர் நடந்த அதே யமஸாகியில் 'தையான்' என்ற தேநீர் அறை இன்றும் நிற்கிறது. ரிக்யூ அமைத்தது, இன்று தேசியப் பொக்கிஷம். அதன் அளவு என்ன தெரியுமா? இரண்டு பாய். சுமார் ஆறடிக்கு ஆறடி. மண் சுவர், காகித ஜன்னல். வாசல் இரண்டடிக்குச் சற்று அதிகமான சதுரத் துவாரம். தேசத்தை ஆளும் பிரபுவானாலும் வாளை வெளியே கழற்றி வைத்துவிட்டு, முழங்காலில் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும்.

வெறும் வயிற்றில் கெட்டியான தேநீர் குடித்தால் வயிற்றைப் பிசையும். ஆகையால் முதலில் சிறிது சாப்பாடு. ரிக்யூ வகுத்த சாப்பாடு ஒரு ரசம், இரண்டு மூன்று பதார்த்தம், சோறு. அவ்வளவுதான். ஏழு தட்டு அணிவகுப்பை ஒரே தட்டாகச் சுருக்கினார். பார்ப்பதற்கென்று எதுவும் கிடையாது. வந்ததையெல்லாம் சாப்பிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பரப்பாமல், ஒன்று முடிந்ததும் ஒன்றாக, சூடு ஆறாமல் வரவேண்டும். சமைப்பதையும் கொண்டுவருவதையும் வீட்டுக்காரரே முன்னின்று பார்ப்பார். இன்றைக்குப் பெரிய விடுதிகளில் பதார்த்தங்கள் வரிசையாக வருகின்றனவே, அந்த வரிசைக்கு மூலம் இங்கேதான் இருக்கிறது.

அந்தத் தேநீர்ச் சாப்பாட்டின் முறை இன்றும் மாறவில்லை. முதலில் வருவது ஒரு வாய்ச் சோறு. அப்போதுதான் வெந்தது, ஈரம்கூட அடங்காதது. உமக்காகவே இப்போது இறக்கினேன் என்று அதற்கு அர்த்தம். கடைசியில், பானையின் அடியில் பிடித்த சோற்றில் வெந்நீர் விட்டுக் கொண்டுவருவார்கள். விருந்தாளி அந்த வெந்நீரைத் தம் கிண்ணத்தில் ஊற்றி, ஊறுகாய்த் துண்டினால் கிண்ணத்தைத் துலக்கிக் குடித்துவிட்டு, மடியிலிருக்கும் காகிதத்தால் துடைத்து வைக்க வேண்டும். ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது. பிறகு விருந்தாளிகள் எல்லாரும் ஒரே சமயத்தில் சாப்பாட்டுக் குச்சிகளைத் தட்டில் போடுவார்கள். 'டக்' என்று ஒரு சத்தம். கதவுக்கு அப்பால் காத்திருக்கும் வீட்டுக்காரர் அதைக் கேட்டுச் சாப்பாடு முடிந்தது என்று தெரிந்துகொள்வார். பாராட்டுரை, நன்றியுரை ஒன்றும் இல்லை. துடைத்த கிண்ணம்தான் பாராட்டு.

இந்த ரிக்யூவின் எஜமானர் என்ன செய்தார் தெரியுமா? தங்கத்தில் ஒரு தேநீர் அறை கட்டினார்! மூன்று பாய் அளவு. சுவர், கூரை எல்லாம் பொன் தகடு. பாத்திரமும் பொன். பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம். 1586-ல் அதை அரண்மனைக்குக் கொண்டுபோய்ச் சக்கரவர்த்திக்கே காட்டினார். அந்த அறையை வகுத்ததிலும் ரிக்யூவுக்குப் பங்கிருக்க வேண்டும் என்று கருதும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு. ரிக்யூ என்ற பெயரே 1585-ல் அரண்மனைத் தேநீருக்காகச் சக்கரவர்த்தியிடமிருந்து கிடைத்ததுதான். மண் சுவரும் பொன் சுவரும் நாம் நினைக்கிற அளவு தூரத்தில் இல்லை. 1587-ல் கியோட்டோவின் கிதானோக் கோயில் தோப்பில் ஹிதேயோஷி ஊருக்கெல்லாம் தேநீர் விருந்து அறிவித்தார். குடியானவனும் வரலாம், ஒரு கெண்டியும் ஒரு கிண்ணமும் பாயும் இருந்தால் போதும், தேயிலை இல்லையென்றால் வறுத்த மாவைக் கரைத்தாலும் சரி என்று உத்தரவு. பத்து நாள் என்று அறிவித்த விருந்து ஒரே நாளில் நின்றுபோயிற்று. அந்தத் தோப்பிலும் பொன்னறை ஜொலித்துக்கொண்டுதான் இருந்தது.

1591-ல் ஹிதேயோஷி தம் ஆசானை வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும்படி உத்தரவிட்டார். எழுபது வயதில் ரிக்யூ அப்படியே செய்தார். காரணம் என்ன? டைடோகுஜிக் கோயில் வாசல் மாடத்தில் ரிக்யூவின் உருவச் சிலை வைக்கப்பட்டிருந்தது. அதன் காலடியில் பிரபுக்கள் நடந்து போகவேண்டியிருந்தது என்பது ஒரு குற்றச்சாட்டு. தேநீர்ப் பாத்திரங்களை அநியாய விலைக்கு விற்றார் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைக் கவனியுங்கள். ரிக்யூ தொட்டால் சாதாரண மூங்கில் குழாயும் பொன்னாயிற்று. எளிமைக்கே ஒரு விலை ஏற்பட்டுவிட்டது. எளிமை விலைபோக ஆரம்பித்த பிறகு அது எளிமைதானா? நானூறு வருஷத்துக்கு மேலாக அந்தக் கேள்வி தீரவில்லை.

இனி பெயருக்கு வருவோம். ரிக்யூ காலத்துத் தேநீர்க் குறிப்பேடுகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் 'கைசெகி' என்ற சொல் வருகிறது. ஆனால் அது வேறு எழுத்து. கூட்டம் என்ற பொருளுள்ள 'கை', ஆசனம் என்ற பொருளுள்ள 'செகி'. அதாவது பலர் கூடி உட்காரும் இடம். கல்லும் இல்லை, மடியும் இல்லை! மடிக்கல் என்ற எழுத்து முதலில் தலைகாட்டுவது 'நம்போரோகு' என்ற நூலில். ரிக்யூவின் சீடர் ஒருவர் எழுதிவைத்த குறிப்புகள் என்று சொல்லி, 1690-ஐ ஒட்டி, ரிக்யூ இறந்து நூறு வருஷம் நிறைவாகும் சமயத்தில், குரோடாப் பிரபுவிடம் உத்தியோகம் பார்த்த தாசிபானா ஜிட்ஸுஸான் என்பவர் அந்த நூலை வெளிப்படுத்தினார். அதில் எவ்வளவு பழையது, எவ்வளவு அவர் காலத்துச் சரக்கு என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

ஆக, பட்டினித் துறவியின் கல் மடத்திலிருந்து நேராகத் தேநீர் வீட்டுக்கு வரவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து, போர் ஓய்ந்து, வியாபாரம் பெருகி, தேநீர் செல்வர்களின் பொழுதுபோக்காக ஆனபின், யாரோ சிலர் அந்தக் கல்லைத் தேடி எடுத்துச் சாப்பாட்டின் பெயருக்குள் வைத்தார்கள். பொய் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏன் வைத்தார்கள் என்று யோசிக்கத் தோன்றுகிறது. கையில் பணம் சேரச் சேர, ரிக்யூவின் ஒரு ரசமும் மூன்று பதார்த்தமும் கண்ணுக்கு மறைந்துகொண்டிருந்த காலம் அது.

கூட்டம், ஆசனம் என்ற பழைய கைசெகியும் சும்மா இருக்கவில்லை. கவிராயர்கள் கூடித் தொடர் கவிதை பாடும் சபைக்கும் அதே பெயர். கவிதை முடிந்ததும் மதுவும் சாப்பாடும் வரும். நாளடைவில் கவிதை போய், மதுவும் சாப்பாடும் மட்டும் நின்றது. இடோ நகரத்தில், அதாவது பழைய டோக்கியோவில், இதற்கென்றே விடுதிகள் முளைத்தன. தேநீர்ச் சாப்பாட்டில் சோறு முதலில் வரும். இங்கே மதுதான் பிரதானம். ஆகவே சோறு கடைசியில் வரும். காதுக்கு இரண்டும் ஒரே கைசெகி. எழுதினால்தான் வித்தியாசம் தெரியும்.

அந்த விடுதிகளில் பெரும்பேர் பெற்றது 'யாவோஸென்'. அதைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. மது அலுத்துப்போன சில பேர்வழிகள் அங்கே போய், நல்ல தேநீர் விட்ட சோறும் ஊறுகாயும் போதும் என்றார்களாம். அரை நாள் காக்க வைத்துவிட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். விலை ஒரு ரியோ இரண்டு பு. அதாவது ஒன்றரை ரியோ. ஒரு ரியோ என்றால் ஓர் ஆள் ஒரு வருஷம் சாப்பிடும் அரிசியின் விலை என்பது அக்காலத்துப் பொதுக் கணக்கு. ஏனையா இந்த அநியாயம் என்று கேட்டதற்கு, ஊறுகாய்க்குப் பருவம் தப்பிய காய். தேயிலைக்குத் தகுந்த தண்ணீர் அருகில் இல்லாததால் வேகமாக ஓடக்கூடிய ஆளைத் தாமா நதிக்கு அனுப்பினோம் என்று பதில் வந்ததாம்.

இந்தக் கதையில் எனக்கு வேண்டியவர் பணம் கொடுத்தவரும் அல்ல, வாங்கியவரும் அல்ல. தண்ணீர் எடுக்க ஓடினாரே, அவர்! சாப்பிட்டு எழுந்ததும் ஜப்பானியர் சொல்லும் உபசார வார்த்தை 'கோச்சிஸோ ஸாமா'. அதிலுள்ள 'ச்சிஸோ' என்பதற்கு நேர்ப் பொருள் ஓட்டம், அங்கும் இங்கும் ஓடி அலைதல். எனக்காக ஓடினீர்களே என்றுதான் அவர்கள் நன்றி சொல்கிறார்கள். ஆனால் யார் யார் ஓடினார்கள் என்பது சாப்பிடுகிறவருக்குத் தெரிவதில்லை.

கைசெகியின் உயிர்நிலையான தெளிந்த ரசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆதாரம் 'கொம்பு'. மாட்டுக் கொம்பை நினைக்க வேண்டாம். வடகோடி ஹொக்கைடோவின் குளிர்க் கடலில் வளரும் அகன்ற கடற்பாசி. அதோடு காய்ந்து கட்டையாய்ப் போன சூரை மீனைச் சீவிப் போடுவார்கள். கியோட்டோ கடலைக் காணாத நகரம். அந்த நகரத்துச் சமையலுக்குக் கடற்பாசி கப்பலிலும் படகிலும் சுமைகூலியின் முதுகிலும் வந்தது. வடக்கே கரையோரத் தொழில்களில் பாடுபட்டவர்களில் ஐனு என்ற பூர்வகுடிகளும் உண்டு. வியாபாரிகளின் கொடுமை பொறுக்காமல் 1789-ல் குனாஷிர், மெனாஷிப் பகுதிகளில் அவர்கள் கலகம் செய்து அடக்கப்பட்டார்கள். அந்தப் பாசியில் என்னதான் ருசி இருக்கிறது என்று 1908-ல் டோக்கியோப் பேராசிரியர் இக்கேதா கிகுனாயே ஆராய்ந்தார். பன்னிரண்டு கிலோ பாசியைக் காய்ச்சி முப்பது கிராம் குளூட்டமிக் அமிலம் எடுத்தார். மறு வருஷமே அதன் உப்பு கடைக்கு வந்தது. நம் ஊர் மளிகைக் கடையிலும் தெரிந்த அஜினோமோட்டோதான் அது!

இருபதாம் நூற்றாண்டில் இரண்டு பேர் கைசெகியின் இன்றைய உருவத்தை அமைத்தார்கள். ஒருவர் கிதாவோஜி ரோஸாஞ்ஜின். 1925-ல் டோக்கியோவில் 'ஹொஷிகாவோகா ஸார்யோ' என்ற விடுதியின் சமையலை ஏற்றார். சமையலுக்குத் தகுந்த பாத்திரம் கிடைக்கவில்லை என்று தாமே சூளை வைத்து வனைந்தார். பணத்தைத் தண்ணீராய் இறைத்தார் என்று 1936-ல் அவரை வெளியேற்றிவிட்டார்கள். மற்றவர் யூக்கி தெயிச்சி. 1930-ல் ஒஸாக்காவில் 'கிட்சோ' என்ற சிறு கடை திறந்தார். தேநீர்ச் சாப்பாட்டின் நுட்பங்களை விடுதிச் சாப்பாட்டுக்குள் கொண்டுவந்து, இரண்டு கைசெகியையும் ஒன்றாக்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1997-ல் காலமானார். அந்தப் பெயரில் தனித்தனியாக நடந்துவந்த கம்பெனிகளில் ஒன்றான 'ஸென்பா கிட்சோ'வில் 2007-ல் புரட்டு வெளிப்பட்டது. மாட்டிறைச்சி எந்த ஊருடையது என்று பொய்ச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். 2008-ல் அதைவிடக் கேவலம்: ஒரு விருந்தாளி தொடாமல் வைத்துவிட்டுப் போன பதார்த்தத்தை அடுத்தவருக்குப் படைத்திருக்கிறார்கள்! அந்த மாதமே கம்பெனி மூடப்பட்டது. ரிக்யூவின் விருந்தாளி கிண்ணத்தைத் துடைத்து வைத்தான். இங்கே மிஞ்சியதைத் துடைத்து மறுபடி வைத்தார்கள்.

2013-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் ஜப்பானிய உணவு மரபை மானிடப் பொதுச் செல்வமாக ஏற்றது. முதலில் கைசெகியை முன்னிறுத்தத்தான் யோசனை இருந்தது. பிறகு மாற்றிக்கொண்டு, புத்தாண்டு தினத்தில் வீடுகளில் சமைத்து உண்ணும் வழக்கத்தை முன்னே வைத்தார்கள். செல்வர்களின் சாப்பாடு சபையில் முதல் வரிசையை விட்டுக்கொடுத்து வீட்டுச் சமையலுக்குப் பின்னால் உட்கார்ந்தது. சரியான இடம்தான்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு, ஓர் அக்டோபர் மாதம், டோக்கியோவில் நண்பர் ஒருவரோடு அப்படிப்பட்ட விடுதி ஒன்றுக்குப் போனேன். கின்ஸாக் கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்து. வாசற் கல்லில் தண்ணீர் தெளித்திருந்தது. தயாராயிருக்கிறோம், வரலாம் என்பதற்கு அடையாளம். எட்டே பேர் உட்காரக்கூடிய மரப்பலகை. நான் மீன், மாமிசம் தொடாதவன் என்று நண்பர் இரண்டு வாரம் முன்பே சொல்லியிருந்தார். கடற்பாசியும் உலர்ந்த காளானும் மட்டும் ஊறவைத்து எனக்கென்று தனி ரசம் எடுத்திருந்தார்கள்.

முதலில் எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிண்டிய வெண்ணெய் போன்ற ஒரு துண்டு. பிறகு மூடியிட்ட அரக்குக் கிண்ணம். மூடியின் மேல் பனித்துளி போல நீர் தெளித்திருந்தது. வேறு யாரும் தொடவில்லை, உமக்காகவே மூடியது என்பதற்கு அந்தத் துளிகள் சாட்சி என்றார் நண்பர். திறந்தால் ஆவியோடு நார்த்தை போன்ற ஒரு வாசனை. உள்ளே ஒரே ஒரு முள்ளங்கி வட்டம்; தெளிந்த ரசம். அடுத்து வந்த பீங்கான் கிண்ணம் உடைந்து ஒட்டியது! ஒட்டிய தடத்தில் பொன் பொடி பூசியிருந்தது. ஒவ்வொரு பண்டத்துக்கும் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று பருவம் வகுத்திருக்கிறார்கள்; அக்டோபர் மாதம், தேநீர் வருஷம் முடியும் கடைசிப் பருவம்; மிச்சம் மீதியை மதிக்கும் மாதம்; ஆகவே ஒட்டுப் போட்ட பாத்திரம் என்றார்கள். அந்தப் பொன் கோட்டைப் பார்த்தபோது, பொன்னறையும் மண்ணறையும் இந்த ஒரு கிண்ணத்தில் சமாதானமாய்ப் போய்விட்டாற்போல் இருந்தது.

எள்ளைப் பற்றித் தலைமைச் சமையற்காரரிடம் கேட்டேன். அவர் பின்னால் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த பையனைக் காட்டினார். சேர்ந்து மூன்றாவது வருஷமாம். தினம் காலையில் அவன்தான் அரைக்கிறானாம். எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்ததும் பையன் காது சிவக்கக் குனிந்து வணங்கினான். ஓடுகிறவரில் ஒருவரையாவது அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

கடைசியில் மண்பானையோடு சோற்றைக் கொண்டுவந்து காட்டிப் பரிமாறினார்கள். மிஞ்சிய சோற்றை எறியவில்லை. உருண்டை பிடித்து மூங்கில் இலையில் கட்டி எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அந்தப் பொட்டலத்தின் கனம், நாற்பதாயிரம் யென் என்ற ரசீதின் கனத்தைச் சற்றுக் குறைத்தது என்று சொன்னால் நண்பர் கோபித்துக்கொள்ள மாட்டார். பணம் கொடுத்தவர் அவர்.

நாற்பதாயிரம் யென்னுக்கு வாங்கிய எளிமை, எளிமை ஆகாது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வீட்டில் பொய் இல்லை, வீணும் இல்லை, உழைத்தவனை மறைக்கவும் இல்லை. பணம் புழங்கும் இடத்தில் இந்த மூன்றும் நிலைப்பது சுலபமல்ல. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்று நாம் சொல்வதுண்டு. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பெயர் வைத்தவர்கள் அந்தப் பயம் வேண்டும் என்றுதான் நினைத்தார்கள் போலிருக்கிறது. வயிறு நிறைந்தவன் மடியிலே பசித்தவனுடைய கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தடவை அந்தப் பெயரைச் சொல்லும்போதும் அது கொஞ்சம் உறுத்த வேண்டும்.